தேர் வீதியில் ஒரு சர்வர்

மாடிப்படி குறுகல். கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, நாலு முனையையும் முடிச்சுப் போட்டு, மேல்பக்கத்தைப் பரிபூரணமும் கீழ்ப்பக்கத்தை அவள் அம்மா ஞானபாக்கியமும் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மகள் என்ஜினீயரிங் படித்தவள். பாரமெல்லாம் கீழே நிற்பவர் மேல்தான் சாயும் என்பது பாதிப் படியில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"யம்மா, நீ மேல வா. நான் கீழ வாரேன்."

"இந்தப் படியில ஒருத்தர ஒருத்தர் எப்படிட்டி தாண்டுறது? பேசாம எறங்கு. மாப்பிள்ளைய இடிச்சிராத."

மாப்பிள்ளை என்றது ஜமுக்காளத்துக்குள் இருந்த பெட்டியை. அது ஒரு சர்வர். உள்ளூர் வியாபாரிகளின் இணையப் பக்கங்கள் அதற்குள்தான் இருந்தன. உலகத்தில் எங்கிருந்து யார் கேட்டாலும் அது எடுத்துக் கொடுக்க வேண்டும்; அதனால் கரண்டும் போன் லைனும் அதற்கு ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. ஞானபாக்கியம் அதற்கு வைத்த பெயருக்கு அவளிடம் காரணம் இருந்தது. "ஏசி ரூம்ல உக்காந்திருக்காரு. ராத்திரி பகலா மூச்சு வாங்குதாரு. சம்பாத்தியம் ஒண்ணும் கண்ணுல காணல. மாப்பிள்ளை இல்லாம வேற யாரு?"

கீழே வாசலில் வீட்டுக்காரி மாரியாத்தாள் நின்றிருந்தாள். தெருவில் போன ஒரு பெண், சுற்றிக் கட்டிய ஜமுக்காளத்தைப் பார்த்துப் பதறிப்போய், "யாருக்கு என்னத்தா?" என்று கேட்டாள்.

"சீக்காளி. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்" என்றாள் ஞானபாக்கியம். மூச்சிரைப்பில்கூட அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு இருவரும் கடைசிப் படியில் உட்கார்ந்து சோடா குடித்தார்கள்.

இது ஸ்ரீவில்லிபுத்தூரில், தொண்ணூற்றொன்பது செப்டம்பரில். தாயும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். நவம்பரில் ஞானபாக்கியம் இல்லை.

ஞானபாக்கியம் டெலிபோன் ஆபரேட்டர். வீடு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் எக்ஸ்சேஞ்சில். எண்பதுகளில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஓட்டைகள் நிறைந்த பலகையில் வயர்க் கயிற்றைச் சொருகிச் சொருகி எடுத்தவள். பஞ்சு வியாபாரியை பம்பாயோடும் பால்கோவாக் கடைக்காரரை மதுரையோடும் இணைத்துவிடுவாள். மூன்று நிமிடம் ஆனதும், "முடிஞ்சது, நீட்டிக்கவா?" என்று குறுக்கே நுழைவாள். ஊரில் பாதிப்பேர் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனால் காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் போதும், நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள். "என்னைய ஊருக்கே தெரியும். மூஞ்சிதான் தெரியாது. அதுவும் நல்லதுதான்" என்பாள்.

அவள் புருஷன் முத்துவீரன் பட்டாளத்தில் இருந்தார். வடக்கே எங்கோ இருந்து மாதம் ஒருமுறை டிரங்க் கால் போடுவார். பலகையில் உட்கார்ந்தபடியே பேசுவாள். மூன்று நிமிடம் முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரி தோளைத் தட்டுவாள். ஊருக்கெல்லாம் நீட்டித்துக் கொடுத்தவளுக்கு, தன் காலை நீட்டிக்க வெட்கம். முத்துவீரன் பணி முடித்து வீடு வந்து சேர்ந்த அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பரிபூரணம் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே தொண்ணூற்றெட்டில், இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்த மகள், சொந்தமாக வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்கப்போவதாகச் சொன்னபோது, அது என்ன தொழில் என்று ஞானபாக்கியம் கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டாள்.

"சர்வர் இங்க ஓடுச்சுன்னா நானும் இங்கதான். ஓடலேன்னா மெட்ராஸ். பழைய கம்பெனிலயே கூப்பிடுறாங்க."

"ஓடும்" என்றாள் ஞானபாக்கியம். "ஓடியே ஆகணும். புருசன்கிட்ட போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. மகள்கிட்டயும் போன்லயே நடத்த என்னால ஏலாது."

அன்றிலிருந்து அவள் ஓய்வுபெற்ற வாழ்க்கை முழுக்க அந்தப் பெட்டிக்கு இடம் பார்ப்பதில் கழிந்தது. பெண்ணுக்கு வரன் பார்க்கச் சொன்ன உறவுக்காரர்களிடம், "இப்போ ஒரு மாப்பிள்ளைக்கு வீடு பாத்துக்கிட்டிருக்கோம், அது முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.

இடம் பார்ப்பதற்குப் பரிபூரணத்திடம் ஒரு முறை இருந்தது. முறை என்றால் சாதாரண முறை இல்லை. கோடு போட்ட தாளில் கட்டம் கட்டி, கரண்டுக்கு இவ்வளவு, போன் லைனுக்கு இவ்வளவு, வெக்கைக்கு, எலிக்கு, திருட்டுக்கு என்று தனித்தனியே மதிப்பெண். ஒவ்வொரு இடத்திலும் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வீட்டுக்காரர்கள் இவள் ஏதோ சுகாதாரத் துறை என்று நினைத்து அவசரமாகச் சாக்கடையைக் கழுவிவிடுவார்கள்.

முதல் இடம் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு கிட்டங்கி, துணி அடுக்கி வைக்கும் குடோன். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் சுப்புராஜ் சும்மாவே தருவதாகச் சொன்னார். அவர்தான் பரிபூரணத்தின் முதல் வாடிக்கையாளர். பெரிய வாடிக்கையாளரும் அவர்தான். ஜெர்மனிக்காரர்கள் தன் துணியைக் கம்ப்யூட்டரில் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கிட்டங்கியில் ஜெனரேட்டர் இருந்தது, காவல்காரர் இருந்தார், மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. ஞானபாக்கியம் உள்ளே நுழைந்ததும் தும்ம ஆரம்பித்தாள். வெளியே வந்தும் நிறுத்தவில்லை. புருவத்திலெல்லாம் பஞ்சு.

"இங்க வச்சா மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா வந்துரும்ட்டி."

பரிபூரணத்தின் கட்டத்தில் பஞ்சுக்கு இடம் இல்லை. பஞ்சு ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவசரமாக ஒரு புதுக் கட்டம் போட்டாள்.

அடுத்தது அவர்கள் வீடு. ராஜபாளையத்தில் அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மில். அங்கே பெரிய மோட்டாரைப் போடும்போதெல்லாம் இவர்கள் வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டும். பிரதான சர்வருக்கு ஆகாது. ஆனால் ஒன்று விழுந்தால் தாங்கிப் பிடிக்க இன்னொன்று வேண்டுமே. அந்த இரண்டாவது சர்வரை வீட்டு உள்ளறையில் வைப்பதென்று முடிவானது.

மூன்றாவதாக வந்ததுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் மாரியாத்தாளின் மாடி அறை. டெலிபோன் ஆபீஸ் பக்கம். லைனில் கோளாறு என்றால் ஞானபாக்கியம் நேரே போய்ப் பழைய ஆட்களைக் கூட்டிவந்துவிடலாம். சுவர் கனம், வெக்கை குறைவு. பரிபூரணம் தெர்மாமீட்டரோடு நிற்க, ஞானபாக்கியம் நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் எட்டிப் பார்த்தாள். "இதுதான்" என்றாள்.

கட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் அதற்குத்தான் முதலிடம். விஞ்ஞானமும் அம்மாவின் அனுபவமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததில் பரிபூரணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னலில் அம்மா என்ன பார்த்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அமைப்பைத் திட்டமிட்டாள். அட்டையில் வரைந்து வீட்டுக் கூடத்தில் ஒட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பெட்டி, ராஜபாளையத்துக்கு ஒரு பெட்டி. ஒன்றுக்கு என்ன நேர்ந்தாலும் மற்றது பொறுப்பேற்கும். வெளியுலகத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு ஒரு தனி லைன். ராஜபாளையத்துப் பெட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டிக்கு இன்னொரு லைன், நீல மையில். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கினாள். விளக்கி முடித்ததும், "எது போனாலும் நிக்காது" என்பாள்.

"நல்லாருக்கு" என்றாள் ஞானபாக்கியம். "கோலம் மாதிரி இருக்கு."

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியது. சுப்புராஜைப் பார்த்து இன்னும் சில பேண்டேஜ் கம்பெனிகள் வந்தன. தினமும் காலை பஸ்ஸில் ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூர் போவாள். பழைய டூட்டி நேரம், பழைய பஸ். அறையைப் பெருக்குவாள், யூபிஎஸ் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவாள், மாப்பிள்ளையின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மகளுக்குப் போன் செய்வாள். "மாப்பிள்ளை சௌக்கியம். நல்லா தூங்கி எந்திரிச்சாரு." மாலையில் வீடு திரும்பி மகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

ஆடிப்பூரம் வந்தது. தேர்.

ஞானபாக்கியம் ஞாயிறு ஆராதனை தவறாதவள். ஆனால் தேர் பார்க்க மதம் வேண்டாம் என்பது அவள் கட்சி. அன்று விடியும்போதே உறவுக்காரர்கள், பழைய ஆபரேட்டர் தோழிகள் என்று மாடி அறையை நிரப்பிவிட்டாள். அப்போதுதான் பரிபூரணத்துக்கு விளங்கியது, அம்மா அன்று ஜன்னலில் என்ன பார்த்தாள் என்று. இரண்டு முக்குகளும் தெரிகிற ஜன்னல் அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். சர்வரின் தலையில் தாம்பாளத்தை வைத்து வடை பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம் தாம்பாளத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தோழிகளுக்குச் சர்வரைப் பற்றி விளக்கினாள். எது போனாலும் நிக்காது என்றும் சொன்னாள்.

ஜன்னலை ஒட்டி நின்ற கம்பத்தில் ஏணி சாய்த்து ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். லைன்மேன் வேல்சாமி. நல்ல வெயில்.

"ஏட்டி, வேல்சாமிக்கு ஒரு தம்ளர் மோர் குடு. பாவம், காலையிலயிருந்து ஏறி எறங்குதான்."

பரிபூரணம் ஜன்னல் வழியாக எட்டி மோரை நீட்டினாள். அவர் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு வயரைக் கழற்றிக் கீழே விட்டார்.

அறைக்குள் போன் லைனின் விளக்கு ஒன்று அணைந்தது.

"வேல்சாமி, அது எந்த வயரு?" என்றாள் ஞானபாக்கியம்.

"ஒங்க மாடிக்கு வருத வயருதான்க்கா. தேரு போகணும்லா? குறுக்க போறது எல்லாத்தையும் எறக்கியாச்சு. கரண்டுக்காரங்க அந்த முக்குல நிக்காங்க. இப்போ ஆப் பண்ணிருவாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, மின்விசிறி நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. தோழிகள் அதை ஏதோ கோயில் மணி என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

பரிபூரணம் பதறவில்லை. நிஜமாகவே பதறவில்லை, அதுதான் பிற்பாடு நினைக்க நினைக்கக் கூசியது. "ஒண்ணும் ஆகாது. ராஜபாளையத்துப் பெட்டி இப்போ எடுத்துக்கிடும்" என்று புன்னகையோடு எல்லோருக்கும் தைரியம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் கூடத்துச் சுவரில் இருந்த அட்டை வந்தது. ராஜபாளையத்திலிருந்து கிளம்பும் நீலக்கோடு. அது எங்கே போகிறது? ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அங்கே எந்த வழியாக? இதே தெரு, இதே கம்பம். இப்போது மோர் வாங்கிய கை கழற்றியதில் அதுவும் ஒன்று. இரண்டு வீடு கட்டி, இரண்டுக்கும் ஒரே வாசல் வைத்திருக்கிறாள். அந்த வாசலை அடைத்தவருக்குத் தாகத்துக்கு மோரும் கொடுத்திருக்கிறாள்.

அவள் முகத்தைப் பார்த்து ஞானபாக்கியம் பக்கத்தில் வந்தாள். "என்னட்டி?"

"ரெண்டும் போச்சும்மா." அம்மா பக்கம் திரும்பினாள்: "டெலிபோன்லயே கெடந்தியே இத்தன வருசம். தேருக்கு வயர எறக்குவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிட்டி தெரியும்? தேரன்னிக்கு நான் என்னைக்கு டூட்டி பாத்தேன்? கிறிஸ்துமஸுக்கு டூட்டி பாத்துக் குடுத்துல்லா தேருக்கு லீவு வாங்குவேன். நீ வருசா வருசம் தேர் பாத்தவதான. மேல வயர் இருக்கா இல்லையான்னு ஒருநாளும் பாக்கலயா?"

"நான் தேரைப் பாத்தேன்."

"நானும் தேரத்தான் பாத்தேன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தேர் அந்த ஜன்னலைத் தாண்டும்போது தாயும் மகளும் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேர் நிலைக்கு வந்து, வயர்கள் ஏறி, கரண்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சுப்புராஜ் ஜெர்மனிக்காரரை அன்றைக்குத்தான் பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார். மறுநாள் இருவரும் போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. கணக்கப்பிள்ளையைத் தெலுங்கில் ஏதோ அதட்டிவிட்டு, இவர்களுக்குக் காபி வரவழைத்தார்.

"தேருன்னா எனக்குப் புரியுதும்மா. என் வீட்டுலயிருந்தே ஆளுங்க வடம் பிடிக்கப் போயிருந்தாங்க. ஆனா ஜெர்மனிக்காரன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? சாமி தெருவுல வந்துச்சு, அதான் கம்ப்யூட்டர் நின்னு போச்சுன்னா?" காபியைக் குடித்து முடித்தார். "நீங்களே பாத்துக்கிடுங்க. வேற ஆள்கிட்ட நான் போகல. ஆனா பெட்டி மெட்ராஸ்ல இருக்கட்டும். அங்க இதுக்குன்னே கட்டடம் இருக்காமே."

இருந்தது. இதற்கென்றே கட்டிய கட்டடம், டேட்டா சென்டர். இரண்டு பக்கமிருந்து கரண்டு, இரண்டு வேறு வழியாகக் கேபிள். பெட்டி அங்கே போனால் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவளும் போக வேண்டும்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஞானபாக்கியம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பியதும், "போகணும்னா போகத்தான வேணும்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஜமுக்காளத்தைத் தேடி எடுத்து வெயிலில் போட்டாள்.

பரிபூரணம் சென்னை போனாள். பழைய கம்பெனியே அவளை டேட்டா சென்டர்களுக்கு இடம் தேர்வு செய்யும் குழுவில் போட்டது. கட்டம் கட்டிய தாளை அவளே தயாரித்தாள். இப்போது அதில் பஞ்சு இருந்தது. கடைசிக் கட்டத்தில், "இந்தத் தெருவில் தேர் ஓடுமா?" என்று இருந்தது. மேலாளர் அதைச் சத்தமாக வாசித்தார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கட்டத்தை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் பேசினாள். மாரியாத்தாளின் மாடி அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அங்கிருந்த போன் லைனையும் ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டும் ஞானபாக்கியம் ஏற்றுக்கொண்ட வேலை. முடிந்ததா என்று மகள் கேட்பாள். ஒரு வாரம் மழை. ஒரு வாரம் அதிகாரி லீவு. ஒரு வாரம் முட்டு வலி. "பொறவு போறேன்ட்டி. லைன் என்ன ஓடியா போகப் போவுது?"

நவம்பரில் ஒரு ஞாயிறு நன்றாகப் பேசினாள். செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பரிபூரணம் இரவு பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஞானபாக்கியத்தின் குரலைப் பற்றியே பேசினார்கள்.

காரியங்கள் முடிந்ததும், சென்னைக்குக் கிளம்புமுன் அந்த இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். மாரியாத்தாள் மாடி அறையைத் திறந்துவிட்டாள். தூசி இல்லை. மேஜை துடைத்திருந்தது. பேட்டரியில் தண்ணீர் நிறைந்திருந்தது, பேட்டரியால் இயங்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"வாராவாரம் வருவாவம்மா" என்றாள் மாரியாத்தாள். "ஜன்னல தொறந்து வச்சு செத்த நேரம் உக்காந்திருப்பாவ. வாடகைக்கு வேற ஆளு பாக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், மாப்பிள்ளை திரும்பி வருவாருன்னுட்டாவ."

பரிபூரணம் டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். வாசலிலேயே வேல்சாமி இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். லைனை ஒப்படைக்க வந்ததாகச் சொன்னாள்.

"ஒப்படைக்கவா?" என்றார் அவர். "அக்கா அப்படிச் சொல்லலையேம்மா. எங்கிட்ட வந்து, பின்னால சந்து வழியா இன்னொரு லைன் இழுக்க முடியுமான்னுல்லா கேட்டுக்கிட்டிருந்துச்சு. தேரு சந்துக்குள்ள வராதுல்லா, அதனால அந்த லைன எறக்க வேண்டி வராதுன்னு. ஒரு தாள்ல படம்லாம் போட்டுக் காமிச்சுது."

"இழுக்க முடியுமா?"

வேல்சாமி தலையைச் சொறிந்தார். "இழுக்கலாம். ஆனா அந்தச் சந்து லைனும் சுத்தி வந்து இதே ரத வீதி முக்குல இருக்க டெலிபோன் பெட்டியிலதான் ஏறும். தேரன்னிக்கு அதையும் எறக்கத்தான் செய்வோம். அக்காகிட்டயும் சொன்னேன்."

பரிபூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வழி, ஒரு வாசல். அதே படம். பரம்பரையாக வருகிற திறமை.

"என்ன சொன்னாங்க?"

"நம்பல. நீ சோம்பேறித்தனத்துக்குச் சொல்லுத, நான் நேர்ல பாக்கணும்னுச்சு. அக்கா தவறுததுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்ன அது. நல்ல மழை, சந்துல முழங்காலுக்குத் தண்ணி. வத்தட்டும்க்கா, போவோம்னேன். சரி, புதன்கெழமை வாரேன், ரெண்டு பேருமா அந்தக் கோடியிலயிருந்து இந்தக் கோடிவரைக்கும் நடந்து பாத்திருவோம்னு சொல்லிட்டுப் போச்சு."

தண்ணீர் வற்றியிருந்தது. அந்தச் சந்தை ஞானபாக்கியம் நடந்து பார்க்கவில்லை.